கடைசிப் பக்கம் உள்ளே இருக்கிறது

பேய்க்கதை எழுதுகிறவர்களுக்குப் பயமே கிடையாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. சுத்தப் பொய். மருத்துவருக்குக் காய்ச்சல் வராது என்று சொல்வது மாதிரி.

திகில் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவருக்கே இப்போது சட்டென்று ஞாபகம் வராது. வாரப் பத்திரிகையில் அவர் எழுதுகிற கதைகளுக்காகத் தெருக்காரர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அவர் கதை ஒன்றைப் படித்துவிட்டு ஒரு கல்லறைக் காவல்காரர் வேலையை விட்டிருக்கிறார். இன்னொரு கதை வெளியான வாரத்தில் ஒரு குடும்பம் மாடிப்படியையே இடித்துவிட்டு ஏணி சாத்திக்கொண்டது. இன்றைக்கும் அந்த வீட்டு மாமியார் ஏணியில்தான் ஏறி இறங்குகிறார். மூட்டுவலி போய்விட்டதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்ட திகில் சாருக்குப் பல்லி பயம். லிப்டில் தனியாக ஏறப் பயம். குக்கர் விசில் அடிக்கும்போது அடுத்த அறைக்குப் போய்விடுவார். இந்தப் பயங்களுக்கெல்லாம் தலைவர் ஒருவர் உண்டு. அவர் பல் டாக்டர்.

திகில் சாருடைய மனைவி ரத்தம் எடுக்கிறவர். பதற வேண்டாம், பரிசோதனை நிலையத்தில் அதுதான் வேலை. எந்தக் கையில் எந்த நரம்பு ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அதனால் திகில் சார் கல்யாணமான நாளிலிருந்து முழுக்கைச் சட்டைதான். தூங்கும்போதும் பொத்தான் போட்டிருக்கும்.

கீழ் வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று அவருக்கு வெகுநாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல் குரலை உயர்த்தியது. கிராம்பை வைத்து அதன் வாயை அடைத்தார். கடைசியில் கன்னம் வீங்கி, முகத்தின் ஒரு பாதி அவருடையதாகவும் மறு பாதி வேறு யாரோ வசதியான மனிதருடையதாகவும் ஆனது. ஏற்கெனவே இரண்டு டாக்டர்களிடம் போயாயிற்று. ஒருவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இன்னொருவரிடம் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓடிவந்தார். அந்தத் துணியால்தான் இப்போது வீட்டில் அடுப்பைத் துடைக்கிறார்கள்.

அன்று காலை மனைவி தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே திட்டுகிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"வீக்கம் கழுத்துக்கு இறங்குதுங்க. எச்சில் முழுங்கினா வலிக்குதா?"

"லேசா."

"இன்னும் இறங்கினா மூச்சுக்குழாயை அழுத்தும். இன்னைக்கே பல்லை எடுத்தாகணும். மாட்டேன்னா சொல்லிடுங்க, உங்க கதையில வர்ற ஆவிங்ககிட்ட ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்லலாம்."

இதே வாரத்தில்தான் பத்திரிகை ஆசிரியரும் போனில் கூப்பிட்டிருந்தார். கஷ்டம் வந்தால் கூடவே ஒரு துணையைக் கூட்டிக்கொண்டு வருவது வழக்கம்தானே.

"சார், முன்னெல்லாம் உங்க கதைக்குக் கடிதம் மூட்டை மூட்டையா வரும். இப்ப ஒரே ஒரு ஆள் எழுதியிருக்கார். தாள் மெலிசா இருக்காம்."

"காலம் மாறிப்போச்சுங்க."

"காலம் மாறட்டும் சார். ஜனங்க எதுக்குக் கதை படிக்கிறாங்க? அதைச் சொல்லுங்க. என்னைக்காவது ஒருத்தர் படிக்கிறதை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

திகில் சார் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் தன் கதையை ஒருவர் படிக்கிற முகத்தை அவர் கண்டதே இல்லை. வீட்டில் மனைவி தொடமாட்டார். "பகல் பூரா பயந்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்து நான் வேற பயப்படணுமா?" என்பார். ஆனாலும் திகில் சாரிடம் ஒரு கொள்கை இருந்தது. ஜனங்கள் படிப்பது கடைசிப் பக்கத்துக்காக. மற்றப் பக்கங்கள் எல்லாம் அங்கே போகிற பாதை. ஆகையால் பாதையை எப்படியோ போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஆளை அடித்துச் சாய்ப்பார். அவர் கதைகளில் கடைசிப் பக்கத்தைத் தாண்டி உயிரோடு வெளியே வந்தவர்கள் மிகவும் குறைவு.

பல் டாக்டரின் இடம் ஒரு பூட்டுக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தை முறுக்கிப் பிடித்தபடி படியேற்றினார். பார்த்தவர்கள் திருடனைப் பிடித்துப் போகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

உள்ளே ஒரு நீள பெஞ்சு, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு கம்பவுண்டர். மூடிய கதவுக்கு அப்பால் ஒரு சத்தம். இரும்புத் தகட்டை ஒரு வண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டு முதல் நாளே சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி.   திகில் சார் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். கம்பி போட்டிருந்தது.

"கம்பி புதுசு சார்," என்றார் கம்பவுண்டர், தலை நிமிராமலே. "போன வருஷம் ஒருத்தர் குதிச்சுட்டார்."

மனைவி அவரைப் பெஞ்சின் நடுவில் உட்காரவைத்து, தப்பிக்க வழியில்லாமல் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். மறுபக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். இருந்தார் என்பதைவிடப் பரவியிருந்தார் என்பது பொருந்தும். ஒவ்வொரு கையும் ஒரு கதவு அகலம். அந்தக் கைகளில் ஒரு பழைய வாரப் பத்திரிகை வெற்றிலை அளவாகத் தெரிந்தது.

திகில் சார் ஓரக்கண்ணால் பார்த்தார். அவருடைய கதை. 'மாடிப்படியில் ஒரு கை.' வேலை முடிந்து தாமதமாக வருகிற ஒரு பெண். இருட்டு மாடிப்படி. பாதிப் படியில் அவள் தோளில் ஒரு கை விழுகிறது. மாடிப்படியை இடித்தார்களே, இந்தக் கதைக்காகத்தான்.

பல்வலி கொஞ்சம் பின்னால் போய் நின்றது. முதன்முதலாக ஒரு வாசகரைக் கண்ணால் பார்க்கிறார்! டிரைவர் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். நிலவு மேகத்துக்குள் போகிற இடம் வந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய இடம். டிரைவர் விரலை நாக்கில் தொட்டார். இரண்டு தாளாகப் புரட்டினார். நிலவு போயிற்று.

திகில் சார் தாளைத் திரும்பப் புரட்டிவிடக் கையை நீட்டி, டிரைவரின் கை அகலத்தைப் பார்த்து மடக்கிக்கொண்டார்.

அப்புறம் டிரைவர் ஒரு வரியில் நின்றார். மேலே போகவில்லை. திரும்ப அதையே படித்தார். மறுபடியும். திகில் சார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். 'கீழ்வீட்டுக்காரர்கள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.' அவ்வளவுதான். பக்கம் நிரம்பவில்லை, ஒரு வரி வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டபோது நின்றுகொண்டே சொல்லி அனுப்பிய வரி.

டிரைவர் திடீரென்று இவர் பக்கம் திரும்பினார்.

"சார், இந்தக் கதை தெரியுமா?"

"கே... கேள்விப்பட்டிருக்கேன்."

"என் பொண்டாட்டியும் இப்படித்தான் சார். ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வந்தா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் ஏறுவா. கீழ்வீட்டுல கைக்குழந்தை." அவர் குரல் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் சின்னதாக இருந்தது. "இவளுக்கு ஒண்ணும் ஆயிடாதே சார்?"

கடைசிப் பக்கத்தில் அவள் கழுத்து நெரிபட்டுச் சாகிறாள். நாக்கு வெளியே வந்ததைக்கூட விடாமல் எழுதியிருந்தார். திகில் சார் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு, வலி அதிகமானதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

டிரைவர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கம் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் இருந்தது. திகில் சார் பெஞ்சில் கிடந்த மற்றப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தார். எல்லாக் கதைகளிலும் கடைசித் தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

"என்னங்க இது அநியாயம்?" என்றார் கம்பவுண்டரிடம்.

"கடைசிப் பக்கம் உள்ள இருக்கு சார். நாற்காலியில உட்கார்ந்தா டாக்டரம்மா படிச்சுக் காட்டுவாங்க."

"எதுக்கு?"

"முன்னாடியெல்லாம் இந்த பெஞ்சுல உட்கார்ந்தவங்க பாதிப் பேர் உள்ள வரமாட்டாங்க. வலிக்கு ஊசி இருக்கு. பயத்துக்கு என்ன ஊசி இருக்கு? டாக்டரம்மாதான் யோசிச்சாங்க. இப்ப யாரும் ஓடுறதில்ல. ஒரு பெரியவர், ரெண்டு தாடையிலயும் ஒரு பல்லு கிடையாது, ஒரு தொடர்கதை முடிவைக் கேக்கணும்னு வாயைத் திறந்துக்கிட்டு வந்து உட்கார்ந்தார்."

உள்ளிருந்து கூப்பிட்டார்கள். டிரைவர் எழுந்தார். கதவைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார், போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. வண்டு பாடியது. கூடவே ஒரு பெண் குரல், சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல், நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தது.

திகில் சாருக்கு அந்தப் பயத்திலும் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. மனைவியின் காதில் சொன்னார்: "பார்த்தியா, நான் சொன்னது சரி. கடைசிப் பக்கம்தான். ஆளையே உள்ள இழுக்குது."

"அப்ப நீங்களும் இழுபட்டுப் போங்களேன்."

"எனக்குத்தான் எல்லா முடிவும் தெரியுமே," என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உறைத்தது. இந்த ஊரிலேயே அந்த வித்தை பலிக்காத ஒரே ஆள் அவர்தான்.  எச்சில் விழுங்கப் பார்த்தார். காலையில் லேசாக வலித்த இடம் இப்போது அதைப் பாதியில் நிறுத்திப் பிடித்தது. மூச்சு உள்ளே போகிற வழியை யாரோ விரலால் அளந்து பார்ப்பதுபோல் இருந்தது.

கதவு திறந்தது. டிரைவர் மரத்துப்போன உதட்டோடு, கண் கலங்கி, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

"பிழைச்சுட்டா சார்! கதவைத் திறந்து உள்ள போயிட்டா! விளக்கைப் போட்டுட்டா!"

திகில் சாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பல் மறந்துபோயிற்று, கழுத்து மறந்துபோயிற்று. தன் கையால் கொன்ற பெண்ணை எவளோ ஒருத்தி எழுப்பி உட்காரவைப்பதா? சட்டையைப் பிடித்திருந்த மனைவியின் கையையும் உதறிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனார். இப்படிச் சொந்தக் காலில் பல் டாக்டர் அறைக்குள் நுழைந்த மனிதர்கள் உலகத்தில் சிலரே.

டாக்டரம்மா குட்டையாக, மணிக்கட்டு மட்டும் தச்சருடையதுபோல் திரட்சியாக இருந்தார். எட்டாததால் ஒரு மரப் பலகையின் மேல் நின்று வேலை செய்கிறவர்.

"யாரைக் கேட்டு முடிவை மாத்துனீங்க?" என்றார் திகில் சார்.

"உட்காருங்க. எந்த முடிவை?"

"என் கதை அது! அவ செத்துப்போயிட்டா!"

"ஓ, நீங்கதானா?" டாக்டரம்மா கையுறையை மாற்றிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எதையும் மாத்தலைங்க. கிழிச்சதும் குப்பையில போட்டுடுவேன். படிக்கிறதே இல்ல."

"குப்பையிலயா?"

"முதல்ல ஒருத்தருக்கு இருக்கிறபடியே படிச்சேன். செத்துட்டான்னு வந்ததும் பட்டுன்னு வாயை மூடிட்டார். என் விரல் உள்ள இருந்துது." அவர் ஆள்காட்டி விரலைக் காட்டினார். பல் வரிசை ஒன்று அதில் அழகாகப் பதிந்திருந்தது. "அன்னையிலேருந்து நானேதான் சொல்லிக்கிறேன். பல்லுக்குத் தகுந்த மாதிரி. சின்ன ஓட்டை அடைக்கணும்னா கதவைத் திறந்து உள்ள போயிடுவா. வேர் வரைக்கும் போற வேலைன்னா அவளுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு பொண்ணு பிறந்து, அந்தப் பொண்ணு படிச்சு வேலைக்குப் போற வரைக்கும் இழுக்கணும். ஏங்க, அவ எதுக்குச் செத்தா?"

"எதுக்குன்னா? அது திகில் கதை."

"அது சரி. அவ எதுக்குச் செத்தா?"

திகில் சார் பதிலைத் தேடினார். அப்போதுதான் தேடுகிற இடத்தைக் கவனித்தார். நாற்காலியில் இருந்தார். கழுத்தில் துணி கட்டியாயிற்று. தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. மனைவி உள்ளே வந்து கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

சண்டைக்கு வந்த தைரியம், வந்த வழியே போய்விட்டது.  தட்டில் வரிசையாகக் கருவிகள், ஒவ்வொன்றும் அவரையே பார்த்துக்கொண்டு. வாய் தானாக இறுகி மூடிக்கொண்டது. மூடிய வாயோடு மூச்சு விடுவது இப்போது கஷ்டமாக இருந்தது. திறந்தால் குறடு, மூடினால் மூச்சுமுட்டல்.

"எனக்கு உங்க வித்தை பலிக்காது," என்றார் பல்லுக்குள்ளேயே. "எனக்கு முடிவு தெரியும்."

"உங்க முடிவுதானே தெரியும்? என்னுது தெரியாதே," என்றார் டாக்டரம்மா. "அவ படியேறினா. ஏறிக்கிட்டே இருந்தா. படி இருந்துது, ஏறினா."

இவ்வளவு மட்டமான வாக்கியத்தைத் திகில் சார் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. திருத்துவதற்காக வாயைத் திறந்தார். ஊசி உள்ளே போயிற்று.

"ஆ..."

"அவ்வளவுதான், ஆயிடுச்சு. பாதிப் படியில அவ தோள்ல ஒரு கை விழுந்துது."

தெரிந்த கைதான். அவரே எழுதிய கை. ஆனாலும் தோள் சிலிர்த்தது.

"அவ என்ன பண்ணா தெரியுமா?"

"ஆ?"

"ஒண்ணும் பண்ணல. கத்தக்கூட இல்ல. உங்களை மாதிரியே விறைச்சுப்போய் நின்னா. செருப்பு கையில இருக்கு. இதயம் அடிக்கிற சத்தம் கீழ்வீட்டுக் குழந்தையை எழுப்பிடுமோன்னு பயம். இன்னும் கொஞ்சம் திறங்க... இன்னும். அப்பத்தான் அவளுக்கு ஒண்ணு தெரிஞ்சுது. அந்தக் கை நடுங்குது."

திகில் சாரின் வாய் இன்னும் கொஞ்சம் திறந்தது.

அந்தக் கை யாருடையது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கை என்றால் கழுத்தை நெரிக்க ஒரு கை. அதற்கு உடம்பு எதற்கு? இப்போது இருட்டில் அந்தக் கைக்குப் பின்னால் ஒரு தோள் முளைத்தது. தோளுக்கு மேலே ஒரு முகம் இருக்க வேண்டும். யார் அது? எதற்காக நடுங்குகிறது? குறடு பல்லைப் பிடித்தது அவருக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த வரி வரவேண்டுமே, அதற்காக அசையாமல் கிடந்தார்.

'டப்' என்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டது.

டாக்டரம்மாவின் குரல் நின்றது. விளக்கு வெளிச்சத்தில் அவர் நெற்றியில் வேர்வை தெரிந்தது.

"மேல் பாதிதான் வந்திருக்கு. வேர் உள்ள நின்னுடுச்சு. வளைஞ்ச வேர்."

"ஆ? ஆ?" என்றார் திகில் சார். கதை என்ன ஆயிற்று என்று அர்த்தம்.

"கொஞ்சம் பொறுங்க. இதுக்கு மேல ரெண்டு வேலையும் சேர்த்து எனக்கு வராது. வேரைப் பார்க்கணும்."

அறையில் கருவிகளின் சத்தம் மட்டும் இருந்தது. பயம் விட்ட இடத்திலிருந்து முழுசாகத் திரும்பி வந்தது. ஒரு இரும்பு தாடைக்குள் எதையோ தேடியது. வலி இல்லை, வலி வரப்போகிற இடம் மட்டும் இருந்தது.  எழுந்து ஓடினால்? பாதிப் பல்லோடு, ஓட்டை வாயோடு. ஓடாவிட்டால்? மனைவியைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கேலி இல்லை. முதல் தடவையாக அவரும் பயந்திருந்தார். அதைப் பார்த்ததும் திகில் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏதாவது ஒரு கதையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். தான் எழுதியவற்றில் எத்தனையோ இருக்கிறதே. ஒவ்வொன்றாக ஓடி ஓடி அத்தனை வீட்டுக் கதவையும் தட்டினார். எல்லா வீட்டிலும் பிணம் கிடந்தது. வா என்று கூப்பிட ஓர் உயிர் இல்லை.

போக்கிடம் இல்லாமல் மாடிப்படிக்கே திரும்பினார். அவள் இன்னும் அங்கேதான் நின்றாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. டாக்டரம்மா விட்ட இடம். தோளில் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எப்போதும்போல முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்க்க முடியவில்லை. முடிவு என்று ஒன்று அங்கே இல்லை. அவளுக்கு என்ன தெரியுமோ அதுதான் அவருக்கும் தெரிந்தது.

அவள் திரும்பாமலே கேட்டாள்: "நீங்களும் மேலதான் போகணுமா?"

ஆமாம் என்பதுபோல் கை அழுத்தியது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இந்தாங்க, ஒரு செருப்பை நீங்க பிடிங்க. சத்தம் போடாம வாங்க."

ஒரு படி. தாடையில் ஒரு இழுப்பு. இன்னொரு படி. இன்னொரு இழுப்பு. திருப்பத்தில் ஒரு படி உடைந்திருந்தது. அவள் நின்றாள், அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மாவும் நின்றார், வேறு காரணத்துக்காக. பிறகு தாண்டினார்கள். மேலே கதவு தெரிந்தது. அதன் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று, வாழ்நாளில் எதையும் வேண்டிக்கொள்ளாதவர், வேண்டிக்கொண்டார். அவள் கதவில் கையை வைத்தாள்.

"வந்துடுச்சு," என்றார் டாக்டரம்மா. தட்டில் ஏதோ விழுந்தது. சீழ் வெளியேறியதும் யாரோ கழுத்திலிருந்து விரலை எடுத்ததுபோல் மூச்சு இறங்கியது. மனைவி கதவிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு திகில் சார் மனைவியோடு வெளியே வந்தார். வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெஞ்சில் டிரைவர் அப்படியே இருந்தார். அதே பத்திரிகை, அதே கதை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க சார். எடுத்துட்டாங்களா? பரவால்ல, நாளைக்கு மறந்துடும்." பெஞ்சில் கொஞ்சம் ஒடுங்கி இடம் விட்டார். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. எனக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும் சார். அச்சில வந்த வாரமே வீட்டுல வாங்கிப் படிச்சாச்சு. இவ செத்துடுவா."

திகில் சார் பஞ்சைக் கடித்தபடி அவரையே பார்த்தார்.

"அன்னையிலேருந்து என் பொண்டாட்டி வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் நான் படியில போய் உட்கார்ந்திருக்கேன். தூக்கம் வர்றதில்ல. அப்புறம் ஒரு நாள் பல்லு சுத்தம் பண்ண இங்க வந்தேன். டாக்டரம்மா இவ பிழைச்சுட்டான்னு சொன்னாங்க. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன் சார். அதுலேருந்து மனசு ஒரு மாதிரியா இருந்தா வந்து பல்லைச் சுத்தம் பண்ணிக்கிறது. எங்க டிப்போவுலயே என் பல்லுதான் வெள்ளை." சிரித்தார். உண்மைதான், கண் கூசியது. "இந்தத் தடவை ஆண்டவன் புண்ணியத்துல ஒரு சொத்தையே கிடைச்சுது."

"தெரிஞ்சும் எதுக்குங்க இவர்கிட்ட, ஒண்ணும் ஆயிடாதேன்னு கேட்டீங்க?" என்றார் மனைவி.

டிரைவர் பத்திரிகையைத் தடவிக் கொடுத்தார். "படிக்கும்போது தெரியாதுங்களே," என்றார். பிறகு அவர் முகம் மாறியது. கதவு அகலக் கையை மூடித் திறந்தார். எலும்புகள் நெரிந்தன. "இதை எழுதினானே ஒருத்தன். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

திகில் சார் பஞ்சை விழுங்கிவிடப் பார்த்தார். பார்வையால் மனைவியைக் கெஞ்சினார். வேண்டாம், வேண்டாம் என்று ரகசியமாகக் கையை ஆட்டினார்.

"இவருதாங்க அது," என்றார் மனைவி.

கம்பவுண்டர் கூட நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார்; அந்த ஆள் முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஜன்னல் மறைந்து அறை இருட்டியது. திகில் சார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நாற்காலி எவ்வளவோ தேவலை என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது டிரைவர் பத்திரிகையைக் கிழிந்த ஓரத்தோடு அவர் மடியில் விரித்து வைத்துவிட்டு, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா விளக்கைப் போடுற வரைக்கும்தான் சொன்னாங்க. எழுதினவர் நீங்க. உள்ள போனா. அப்புறம்?"

திகில் சார் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். மனைவி தடுக்கவில்லை. ரத்தம் கலந்த எச்சில் ஒழுகியது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார். உதடு மரத்திருந்ததால் குழந்தை பேசுவது மாதிரி வந்தது. "அவ தனியா இல்ல. கூட ஒரு ஆள் வந்தான், செருப்பைப் பிடிச்சுக்கிட்டு. யாருன்னு தெரியல. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னும் தெரியல. எனக்கே பயமா இருக்கு."

"சரி," என்றார் டிரைவர், முழங்காலைக் கட்டிக்கொண்டு. "மெதுவாச் சொல்லுங்க."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு விசிலோடு ஒருவர் எட்டிப்பார்த்தார். பஸ்ஸின் கண்டக்டர்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு வந்தீங்க! வண்டி நிறைய ஆளுங்க. எல்லாரும் சத்தம் போடுறாங்க!"

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேல கூட்டிக்கிட்டு வா," என்றார்.

திகில் சார் ஒரு வார்த்தை சொல்வதற்குள் கீழே பஸ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு படியில் காலடிகள். ஒன்றல்ல, பத்தல்ல, ஒரு பஸ் நிறைய, மேலே மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. அவர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். திகில் சாரின் முழுக்கைச் சட்டைப் பொத்தான் எப்போதோ அறுந்துபோயிருந்தது; அவர் கையை மறைத்துக்கொள்ளவில்லை.